குவாதலூப் அருவிகளில் ஒரு நாள்

மேற்கிந்தியத் தீவுகள் என்றால் நம் விடுதி அன்பர்களுக்கு நினைவு வருவது கிரிக்கெட் ஒன்றுதான். சோபர்சும் ரிச்சர்ட்சும் பிறந்த அத்தீவுகள் ஆங்கிலேயரிடம் இருந்தவை. அவற்றின் இடையே, வடக்கே ஆன்டிகுவாவும் தெற்கே டொமினிக்காவும் இருக்க, பிரெஞ்சுக் கொடி பறக்கும் தீவு ஒன்று உண்டு. அதன் பெயர் குவாதலூப். 1946 முதல் அது பிரான்சின் குடியேற்ற நாடன்று; பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமே ஆகும். செலாவணி யூரோ. மக்களுக்கு உயிர் கால்பந்து. 1998-ஆம் ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில் இரண்டு கோல் போட்டுப் பிரான்சைக் கரையேற்றிய லிலியான் துய்ராம் அத்தீவில் பிறந்தவர்தான்.

எரிமலைப் பகுதிகளின் நிலத்தடி நீரைப் பற்றிய பத்து நாள் பயிற்சி வகுப்பு ஒன்றிற்காக நான் அங்கே சென்றேன். பயணச் செலவை வகுப்பை நடத்தியவர்களே ஏற்றுக்கொண்டார்கள். இல்லையேல் நிலவியல் முதுகலை மாணவன் ஒருவன் அட்லாண்டிக்கைத் தாண்டுவது நடவாத காரியம். (போக நேரும் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஐரோப்பாவிற்கு வாங்கும் செங்கன் விசா அங்கே செல்லாது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கெனத் தனி விசா வேண்டும். இதை நான் அறிந்தது கடைசி வாரத்தில். அந்த வாரத்தில் நான் பட்ட பாட்டை எழுதினால் அதுவே தனிக் கட்டுரை ஆகிவிடும்.) வகுப்பின் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அன்று எங்களில் எழுவர் சேர்ந்து வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு அருவிகளையும் மடுக்களையும் காணப் புறப்பட்டோம். அந்த ஒரு நாளில் கண்டதையும், அதன் பின்னால் உள்ள விஞ்ஞானத்தையும், நீரோடு தொடர்பில்லாத வேறு சிலவற்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தீவின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல இருக்கும். உண்மையில் அவை இரண்டு தீவுகள். நடுவே ஓர் உப்பங்கழி. கிழக்குச் சிறகின் பெயர் கிராந்த்தேர், அதாவது பெருநிலம். மேற்குச் சிறகு பாஸ்தேர், அதாவது தாழ்நிலம். ஆனால் பெருநிலம்தான் சிறியது. தாழ்நிலம்தான் வானளாவிய மலை! பெயர் வைத்தவர்கள் கப்பலோட்டிகள். காற்று வீசும் பக்கம் அவர்களுக்கு மேல். காற்று ஒதுங்கும் பக்கம் தாழ்வு. நிலத்தைப் பார்த்து வைத்த பெயரன்று, பாயைப் பார்த்து வைத்த பெயர் என்று கொண்டால் குழப்பம் தீரும்.

கிராந்த்தேர் சுண்ணாம்புப் பாறையாலான தட்டைத் தீவு. அங்கே அருவி இல்லை. சொல்லத்தக்க ஆறும் இல்லை. பாஸ்தேர் எரிமலைகளாலானது. அதன் தென்கோடியில் நிற்கும் லா சூஃப்ரியேர் 1467 மீட்டர் உயரம். பெயருக்கே கந்தகச் சுரங்கம் என்பது பொருள். வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வாணிபக் காற்று ஆயிரக்கணக்கான மைல் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து இந்த மலையில் மோதுகிறது. மேலே ஏறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, கொட்டிவிடுகிறது. மலையுச்சியில் ஆண்டு மழை 10 மீட்டரை எட்டுகிறது. செங்குத்தான மலை, ஓயாத மழை, கடலோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் காத்திருக்கிறது. அருவி உண்டாக இதைவிட வேறென்ன வேண்டும்? கொலம்பசுக்கு முன் அங்கே வாழ்ந்த கரீபு மக்கள் தீவை ‘கருக்கேரா’ என்று அழைத்தார்கள். அழகிய நீர்களின் தீவு என்று அதற்குப் பொருள் சொல்லுகிறார்கள்.

கொலம்பசு அங்கே வந்தது தம் இரண்டாம் பயணத்தில், 1493 நவம்பர் மாதம். அப்பயணத்தில் கப்பல் மருத்துவராக இருந்த சாங்கா என்பவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. மூன்று லீகு தொலைவிலேயே மலையுச்சியிலிருந்து வெள்ளையாக ஏதோ இறங்குவதைக் கண்டார்களாம். வெண்பாறை என்றனர் சிலர். தண்ணீர் என்றனர் சிலர். கப்பல்களில் பந்தயம் கட்டினார்களாம்! அருகே வந்த பிறகே, வானத்திலிருந்து விழுவது போன்ற அருவி அது என்று தெரிந்தது. அது இன்றைய கார்பே அருவி என்றே கருதப்படுகிறது. அந்தக் கரையில் அமைந்த ஊருக்குக் கபெஸ்தேர் பெல்லோ என்று பெயர். பெல்லோ என்றால் அழகிய நீர். புதுச்சேரி நண்பர்கள் இதைச் சொல்லாமலே புரிந்துகொண்டிருப்பார்கள்.

காலை ஏழு மணிக்கு வேன் புறப்பட்டது. வழிகாட்டிக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். கறுத்த மேனி, நரைத்த மீசை. அவர் பேசியது கிரியோல் மொழி, எங்களுக்காகப் பிரெஞ்சு, எனக்காக உடைந்த ஆங்கிலம். என் பிரெஞ்சு அதைவிட உடைந்தது. மார்த்தினிக்குத் தீவிலிருந்து வந்திருந்த மாணவி ஒருத்தி இடையில் நின்று மொழிபெயர்த்தாள். வேனில் ஏறியதும் அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக மறுமுறை பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். நான் பிறந்து வளர்ந்தது வட இந்தியாவில்; அப்பாவின் உத்தியோகம் எங்களை அங்கே கொண்டுசென்றது. ஆகையால் இக்கேள்விக்கு நான் எப்போதும் சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்வேன். ஊரைச் சொல்லி, பேசுவது தமிழ் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “என் பாட்டனுக்குப் பாட்டனும் அப்படித்தான்” என்றார்.

இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை 1848-இல் ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்கள் பழைய எசமானரின் கரும்புத் தோட்டத்திற்குத் திரும்ப விரும்பவில்லை. தோட்டக்காரர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1854 டிசம்பர் இறுதியில் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் அவ்வாறு வந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பது பேர், திரும்பியவர் குறைவு. முதலில் வந்தவர்களிற் பெரும்பாலோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர். அவர்களுக்கு இருந்தது ஒரே பெயர். பதிவேட்டில் அது குடும்பப் பெயராயிற்று. ராமசாமி, வீராசாமி, முத்துசாமி என்பனவெல்லாம் இன்று அங்கே பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்கள். பிறந்த மண்ணிலேயே அவர்கள் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லாதிருந்தது. அதற்காகப் பல்லாண்டு வழக்காடியவர் இதே கபெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம். 1923-இல்தான் வெற்றி கிடைத்தது.

கபெஸ்தேருக்கு அருகில் சாலையோரத்தில் சாங்கி என்ற இடத்தில் ஒரு கோயில் இருக்கிறது. மாரியம்மன் கோயில். அங்கே ‘மலியேமேன்’ என்கிறார்கள். கோபுரத்தில் வண்ண வண்ணப் பொம்மைகள். பின்னணியில் வாழைத் தோட்டம். அதற்கும் பின்னால் முகில் மூடிய எரிமலை. மதுரைவீரனையும் வழிபடுகிறார்கள்; அவர் பெயர் ‘மல்தெவிலேன்’ ஆகியிருக்கிறது. இரவெல்லாம் ஆடிப் பாடி நடிக்கும் கூத்திற்கு ‘நத்ரோன்’ என்று பெயர் என்றார் வழிகாட்டி. நாடகம்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். என் வாயில் வரும் தமிழை எங்கள் ஊர்ப் பெரியம்மா கேட்டால் அவரும் இப்படித்தானே சிரிக்கிறார்.

கோயிலை விட்டு மலைச்சாலையில் ஏறினோம். இருமருங்கும் வாழை. அரை மணி நேரத்தில் வாழை முடிந்து காடு தொடங்கியது. 1989-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு. மரத்தின் மேல் மரம் முளைத்தது போல் ஒட்டுச்செடிகள். வழியெங்கும் ஆளுயரப் பெரணிகள். பாதி வழியில் ‘கிராந்த் எத்தாங்’ என்ற பெரிய ஏரி. பார்த்தால் குதிக்கத் தோன்றும். ஆனால் அதில் குளிப்பதற்குத் தடை. அந்நீரில் வாழும் ஒருவகை நத்தையின் உடலில் பில்ஹார்சியா நோயின் புழு வளர்கிறது. அது நீரில் நீந்தி, மனிதத் தோலைத் துளைத்து உள்ளே புகும். ஓடாத நீர், நத்தை, எலி ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் அழகுக்கு மயங்கலாகாது.

கார்பே ஆறு மூன்று படிகளில் விழுகிறது. முதல் அருவி 115 மீட்டர்; இரண்டாவது 110 மீட்டர்; மூன்றாவது 20 மீட்டர்தான், ஆனால் நீர் மிகுதி. ஏன் இந்தப் படிகள்? எரிமலையிலிருந்து வழிந்த பாறைக்குழம்பு ஒரே வார்ப்பாக நிற்பதில்லை. ஒவ்வொரு முறை வழிந்ததும் மேல்பகுதி கெட்டிப் பாறையாகிறது. இடையிடையே சாம்பலும் உடைசலும் படிகின்றன. கெட்டிப் பாறையின் விளிம்பைத் தாண்டி விழும் நீர், அடியில் உள்ள மெத்தென்ற அடுக்கைக் குடைந்துவிடுகிறது. தாங்குவாரற்ற மேற்பாறை ஒரு நாள் உடைந்து விழுகிறது. அருவி ஓர் அடி பின்வாங்குகிறது. மீண்டும் குடைதல், மீண்டும் விழுதல். ஆகவே, அருவி என்பது நிற்கும் பொருளன்று; மலையை நோக்கி மெல்ல மெல்ல நடந்துகொண்டிருப்பது.

சில சமயம் அந்த நடை ஓட்டமாகிவிடுவதும் உண்டு. 2004 நவம்பர் 21 அன்று அருகிலுள்ள சேந்த் தீவுகளின் கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது, அளவு 6.3. இரண்டாம் அருவியின் செங்குத்துச் சுவரிலிருந்து பாறைகள் சரிந்தன. அதுவரை அடிவாரத்து மடுவில் குளித்து மகிழ்ந்த மக்களை அதன் பிறகு அங்கே விடவில்லை. நாங்களும் இருபது நிமிடம் நடந்து, பார்வை மேடையில் நின்றுதான் பார்த்தோம். அருவியின் அருகே பாறைகள் துருப்பிடித்த இரும்பு போலச் சிவந்திருந்தன. மலைக்குள்ளிருந்து கசியும் வெந்நீர் ஊற்றுகள் கொண்டுவரும் இரும்பின் வேலை அது.

எங்கள் கூட்டத்தில் பௌதிகம் படித்தவர் ஒருவர் இருந்தார். 110 மீட்டர் விழும் நீர் எவ்வளவு சூடாகும் என்று கேட்டார். விழும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால் கால் டிகிரி, சற்று மேல். அவ்வளவே! ஜூல் 1847-இல் தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சென்றபோது கையில் வெப்பமானியுடன் அருவியைத் தேடிக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாகக் கெல்வின் எழுதியிருக்கிறார். மணமகள் வண்டியில் பின்னால் வந்தாராம். அந்த அம்மையார் என்ன நினைத்தார் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

அருவியைப் பார்த்தாயிற்று, இனிக் குளியல். வழிகாட்டி எங்களைக் காட்டுப்பாதையில் வேறோர் ஓடைக்கு அழைத்துச் சென்றார். இருபதடி உயரச் சிற்றருவி. கீழே பச்சை நிற மடு. அதன் நடுவில் ஆள் மூழ்கும் ஆழம். என் வெப்பமானி 21 டிகிரி காட்டியது. மடு எப்படி உண்டாகிறது என்பது மேலே சொன்னதன் தொடர்ச்சியே. விழும் நீர் கற்களைச் சுழற்றுகிறது. கற்கள் அம்மிக் குழவி போல அடிப்பாறையை அரைத்துக் குழியாக்குகின்றன.

நீரில் இறங்கும் முன் அவர் மூன்று காரியங்கள் செய்தார். நீண்ட கழி ஒன்றால் மடுவின் அடியைக் குத்திப் பார்த்தார். சென்ற வாரம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வாரம் பாறை உருண்டு வந்து கிடக்கலாம். குதிக்கிறவன் தலைக்கு அது தெரியாது. இரண்டாவது, அருவி விழும் வெண்ணுரைப் பக்கம் போகக்கூடாது என்று கையால் ஒரு கோடு காட்டினார். இதற்கு ஆர்க்கிமிடீசே சாட்சி. நம் உடலின் அடர்த்தி நீரைவிடச் சிறிதே குறைவு, அதனால்தான் மிதக்கிறோம். நுரைத்த நீரில் பத்தில் ஒரு பங்கு காற்று கலந்திருந்தாலும் போதும், அந்நீர் நம்மைத் தாங்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவனும் அங்கே கல்லைப்போல் இறங்குவான். போதாக்குறைக்கு, விழும் நீர் அடிக்குச் சென்று சற்றுத் தள்ளி மேலெழுகிறது. அதன் ஒரு பகுதி மேற்பரப்பு வழியாகவே திரும்பவும் அருவியை நோக்கிப் பாய்கிறது. ஒதுங்கியவனையும் இழுத்துக்கொண்டுவரும் சுழற்சி அது. மூன்றாவதாக, முட்டையளவுள்ள வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து, நீர் தொடும் விளிம்பில் சரியாக வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வழிபாட்டு வழக்கம் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அரை மணி நேரம் ஆனந்தமாகக் குளித்தோம். வானம் நீலமாக இருந்தது. நான் மடுவின் எதிர்க்கரைப் பாறையில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வழிகாட்டி திடீரென எழுந்து நின்றார். கல்லைப் பார்த்தார்; அருவியைப் பார்த்தார்; கைதட்டி எல்லாரையும் கரைக்கு அழைத்தார். எனக்குக் கோபம் வந்தது. “வானம் தெளிவாக இருக்கிறதே, இன்னும் பத்து நிமிடம்” என்று கத்தினேன். நான் நிலவியல் மாணவன் அன்றோ! அவர் பதில் பேசவில்லை. நீரில் இறங்கி, நீந்தி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. அப்படியே இழுத்துக்கொண்டு கரை சேர்த்தார். வெள்ளைக் கல்லைத் தேடினேன். அது நீருக்குள் நான்கு விரல் ஆழத்தில் கிடந்தது.

கரையேறி, அங்கிருந்து மேட்டுக்கு ஏறி நின்றோம். முதலில் வந்தவை இலைகள். பிறகு நீரின் நிறம் தேநீர்போல மாறியது. பிறகு ஓர் ஓசை: நீரின் ஓசையன்று, அடியில் பாறைகள் உருண்டு மோதும் ஓசை. நான் உட்கார்ந்திருந்த பாறை ஐந்து நிமிடத்தில் காணாமற்போயிற்று. சிறு மரம் ஒன்று வேரோடு சென்றது. ஒருவரும் பேசவில்லை. மார்த்தினிக்கு மாணவி என் தோளில் துவாலையைப் போட்டாள். அப்போதுதான் எனக்கு உடல் நடுங்குவது தெரிந்தது.

நடந்தது எளிய கணக்கு. எங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவு. ஆனால் ஓடையின் தலைப்பகுதி எங்கள் தலைக்கு மேல் இல்லை, ஆயிரம் அடி உயரத்தில் முகிலுக்குள் இருந்தது. நீர் சேரும் பரப்பு சிறியது, சரிவோ செங்குத்து, மண் ஏற்கனவே நனைந்து ஊறியது. அங்கே பெய்யும் மழையை மண் குடிக்காது. அப்படியே ஓடைக்குள் தள்ளிவிடும். பெரிய ஆற்றில் வெள்ளம் வர ஒரு நாள் ஆகுமானால் இத்தகைய ஓடையில் அது நிமிடக் கணக்கு. இவை யாவும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் அதே வகை நீர்ப்பரப்புக்கு வெள்ள நேரத்தைக் கணக்கிட்டு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். பாறையில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கணக்கு என் நினைவுக்கு வரவில்லை. வழிகாட்டி வைத்த கல்லோ நாங்கள் ஆய்வுக்கூடத்தில் அளவுகோல் நட்டுச் செய்கிற அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, “த்லோவுக்குக் காது கொடுக்க வேண்டும்” என்றார். கிரியோலில் த்லோ என்றால் தண்ணீர்.

பகலுணவு சாலையோரக் கடையில். ஆட்டிறைச்சியும் சோறும். இறைச்சியின் பெயர் ‘கொலம்போ’. இலங்கையின் கொழும்பு நகருக்கும் இதற்கும் என்ன உறவு என்று பிறர் கேட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு வாய் உண்டதும் தெரிந்துகொண்டேன்: மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம். நம் குழம்புதான் அது! இன்று அத்தீவில் ஆப்பிரிக்க வழியினர், வெள்ளையர், இந்தியர் யாவரும் தங்கள் தேசிய உணவாகக் கொண்டாடுவது இதையே. காரம் போதவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆற்று இறாலும் கேட்டோம். ‘வாசு’ என்று பெயர். ஊற்றுகளின் அரசன் என்பதன் சிதைவு என்கிறார்கள். வழிகாட்டி வேண்டாம் என்று கை அசைத்தார். காரணம் கேட்டபோது அவர் முகம் மாறியது. இதுவரை நான் எழுதியதைவிட இனி எழுதுவது பெரிய செய்தி.

வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்கக் ‘குளோர்தெகோன்’ என்ற மருந்தை 1972 முதல் 1993 வரை அத்தீவுத் தோட்டங்களில் தூவினார்கள். அமெரிக்காவின் வர்சீனியா மாநிலத்தில் இம்மருந்தைச் செய்த ஆலையில் தொழிலாளர்க்கு நரம்புக் கோளாறு கண்டு 1975-லேயே ஆலை மூடப்பட்டது. பிரான்சு 1990-இல் தடை செய்தது. ஆயினும், வாழைத் தோட்டக்காரர்களுக்காக இத்தீவுகளில் மட்டும் 1993 வரை விலக்கு அளித்தது. கூண்டுபோல் பின்னிய கார்பன் அணுக்களில் குளோரின் அணுக்கள் ஒட்டிய மூலக்கூறு அது. கிருமிகளால் எளிதில் உடைக்க முடியாது. எரிமலை மண் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. சிறிது சிறிதாக நீருக்கு விடுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும். 1999-இல் மலையடிவார ஊற்றுகளின் குடிநீரிலேயே அது இருப்பது தெரிந்து, கரி வடிகட்டிகள் பொருத்தினார்கள். தீவின் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அது காணப்பட்டிருக்கிறது. பலர் சேர்ந்து தொடுத்த வழக்கைப் பாரிசு நீதிபதிகள் 2023 சனவரியில் விசாரணைக்கு அனுப்பாமலே முடித்துவிட்டார்கள்.

அவருடைய தந்தை அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர். கையுறை இன்றிக் கையாலேயே தூவினாராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

அப்படியானால் அங்கே குளிக்கலாமா? குளிக்கலாம் என்பதே விடை. எங்கே என்பதுதான் கேள்வி. நஞ்சு மலையிலிருந்து வரவில்லை. வாழைத் தோட்டத்து மண்ணிலிருந்து வருகிறது. ஆகவே வாழைக்கு மேலே உள்ள நீர் தூயது. கீழே உள்ளது ஐயத்திற்குரியது. மேலும் அது உடலுக்குள் புகுவது பெரும்பாலும் உணவு வழியே. அம்மண்ணில் விளைந்த கிழங்கு, அந்நீரில் வளர்ந்த மீன், இறால். காலையில் வேன் வாழையைக் கடந்து காட்டிற்குள் நுழைந்தபோது அவர் கையால் ஒரு திசையைக் காட்டி ஏதோ முணுமுணுத்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ‘இதற்கு மேலே சுத்தம்’ என்று சொல்லியிருக்கிறார்.

பிற்பகலில் தோலே என்னுமிடத்தில் வெந்நீர் மடு. எரிமலை வெப்பத்தில் சூடான நீர் பாறைத் தொட்டியில் தேங்குகிறது. உடல்வலிக்கு இதமாக இருந்தது. அங்கும் ஓர் அறிவிப்புப் பலகை: தலையை முழுக்காதீர். வெதுவெதுப்பான நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் செல்லும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது மிக மிக அரிது. 2008-இல் அத்தீவின் வெந்நீரில் குளித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வாறு இறந்தான். அந்நீரைக் குடித்தால்கூட அந்நோய் வராது. மூக்கில் ஏறினால்தான் வரும். நாங்கள் ஏழு பேரும் கழுத்தளவு நீரில், தலையைத் தூக்கிக்கொண்டு, வாத்துகள்போல் அமர்ந்திருந்தோம்.

திரும்பும் வழியில் கபெஸ்தேரில் தூமனுவார் பனைச்சாலையைக் கண்டோம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் இரு வரிசையாக அரசப்பனைகள். அழகுதான். எனக்கு அப்போது மரங்களைப் பார்க்கும் மனநிலை இல்லை.

தங்குமிடத்தில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் சென்றபின் வழிகாட்டி என்னை நிறுத்தி, வேனின் பெட்டியிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். தம் குடும்பப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டார். பிரெஞ்சு உச்சரிப்பில் அவர் அதை மூன்று முறை சொன்னார். எந்தப் பெயர் என்று எனக்கு முதல் முறையிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எழுதும்போது இடையில் வருவது வல்லின றகரமா, இடையின ரகரமா என்று கை ஒரு கணம் நின்றது. வடநாட்டுப் பள்ளியில் படித்தவனின் கை. சரியாகத்தான் எழுதினேன் என்று பிறகு அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவர் அந்தத் தாளை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று கேட்டார். இடப்பக்கத்திலிருந்து என்றேன்.